பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் வயது

போன மாதம் ஒரு புதன்கிழமை இரவு. சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து அடுப்படி வாசலில் நின்றாள். தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு, வயது 17. “அப்பா, தமிழ் விவாதப் போட்டிக்குத் தலைப்பு குடுத்துட்டாங்க. மது வாங்குற வயசைக் குறைக்கணும். எங்க அணி ஆதரிச்சுப் பேசணும். பாயிண்ட் சொல்லுங்க.”

எதிர்த்துப் பேச வேண்டும் என்றிருந்தால் குழாயை மூடாமலேயே பத்துக் காரணம் சொல்லியிருப்பேன். ஆதரித்து என்றதும் சட்டென்று எதுவும் வரவில்லை. “சிங்கப்பூர்ல ஏற்கெனவே 18தானேம்மா. அதுக்குக் கீழ எங்க போறது?” என்றேன்.

“ஜெர்மனியில 16. பீர், வைன் ரெண்டும் வாங்கலாம். அப்பா அம்மா கூட இருந்தா 14லயே குடிக்கலாம்,” என்றாள். தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

அதிலிருந்து மூன்று வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. என் மனைவிக்கு முதலில் பிடிக்கவில்லை. “பதினேழு வயசுப் பிள்ளைக்கு இது ஒரு தலைப்பா?” என்று கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வயதில் நான் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை அவள் மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டுமே என்றுதான் நினைத்தேன். அந்தப் படிக்கட்டுக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அவள் தரப்பு. அதை நேர்மையாகச் சொல்லாமல் என் தரப்புக்குத் தாவினால் அவளே என்னை விடமாட்டாள்.

இந்த விவாதம் அதிகம் சூடாக நடந்தது அமெரிக்காவில். வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களை அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், “சாவதற்கு வயதாகிவிட்டது, ஓட்டுப் போட வயதாகவில்லையா?” என்ற கேள்வி எழுந்தது. 1971இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18க்கு இறக்கினார்கள். அதே வேகத்தில் பல மாநிலங்கள் மது வயதையும் 18, 19 என்று இறக்கின. சில ஆண்டுகளிலேயே அந்த மாநிலங்களில் இளைஞர்கள் சிக்கும் சாலை விபத்துகள் கூடின. ஒரு மாநிலத்தில் 21, பக்கத்து மாநிலத்தில் 18 என்று இருந்தால் என்ன ஆகும்? பையன்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, இரவோடு இரவாகத் தாங்களே ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். 1984இல் ரீகன் ஆட்சியில் புதிய சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கவிடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றது அந்தச் சட்டம். 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்குத் திரும்பிவிட்டன.

எல்லை தாண்டும் கதை நமக்கு ஒன்றும் புதிதில்லை. தமிழ்நாட்டில் 21, பாண்டிச்சேரியில் 18. என் சித்தப்பா குடும்பம் கடலூரில் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாண்டிச்சேரி. விடுமுறைக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் சாதாரணமாகச் சொன்னான்: “அண்ணே, காலேஜ் பசங்க எல்லாம் சனிக்கிழமை அங்கதான்.” போவது பிரச்சினையில்லை. திரும்பி வருவது பைக்கில்.

சரி, 21 வந்த பிறகு அமெரிக்காவில் எல்லாம் நேராகிவிட்டதா? அங்கேதான் என் மகளுடைய பலமான வாதம் இருக்கிறது. 2008இல் அந்த நாட்டுக் கல்லூரித் தலைவர்கள் 100க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த முயற்சிக்கு அமெதிஸ்ட் என்று பெயர். குடிமயக்கம் ஏறாமல் காக்கும் என்று கிரேக்கர்கள் நம்பிய கல்லின் பெயர் அது. அவர்கள் கேட்டது இதுதான்: 21 என்ற சட்டம் பிள்ளைகளைக் குடிக்காமல் தடுக்கவில்லை, பூட்டிய அறைக்குள் அவசர அவசரமாகக் குடிக்க வைத்திருக்கிறது, இந்தச் சட்டத்தை மறுபடி விவாதியுங்கள்.

பூட்டிய அறைக்குள் அவசர அவசரமாக. அந்த இடத்தை மகள் வாசித்துக் காட்டியபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1990, நவம்பர் மாதம். எனக்கு 17. அங் மோ கியோவில் எங்கள் புளோக்கில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஏழாம் மாடியிலும் எட்டாம் மாடியிலும் நிற்காததால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டுத் திருப்பத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. நாங்கள் நான்கு பேர். மூன்று பேருக்கு 16, 17. நான்காமவன் எங்கள் பள்ளியில் ஒரு வருடம் முன்னால் படித்தவன், 18 முடித்திருந்தான். அவன்தான் கடைக்குப் போனான். ஒரு அரைப் போத்தல் பிராந்தி, ஒரு பெரிய போத்தல் ஆரஞ்சு, கடலைப் பொட்டலம். கடைக்காரர் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் அடையாள அட்டையை நீட்டியிருப்பான்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எங்களில் இளையவன், 16 வயதுக்காரன், சுவரில் சாய்ந்தபடியே சரிந்தான். முதலில் சிரித்தோம். பிறகு கன்னத்தில் தட்டினோம். கண் திறக்கவில்லை. மல்லாந்து கிடந்தான், சட்டையெல்லாம் வாந்தி. மூச்சுவிடும்போது தொண்டையில் ஒரு கொர் சத்தம். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

அப்போது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பேசிக்கொண்டிருந்தோம். “அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு.” “எங்கப்பா என்னை வீட்டை விட்டே துரத்திடுவாரு.” “கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்டா.” இப்படியே நாற்பது நிமிடம் போயிருக்கும். எட்டாம் மாடியில் குடியிருந்த ஒரு மலாய் மக்சிக் (அத்தை) குப்பை போட வந்தவர் எங்களைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. உட்கார்ந்தார். பையனின் தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துத் திருப்பினார். மேல் காலை மடக்கி முட்டுக் கொடுத்தார். தன் தோளில் கிடந்த துண்டால் அவன் வாயைத் துடைத்தார். தன் மகனைக் கூப்பிட்டு ஆம்புலன்சுக்கு, 995க்குப் போன் செய்யச் சொன்னார். அப்புறம்தான் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மல்லாந்த நிலையிலேயே விட்டிருந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவன் பிழைத்தான். இன்று மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. நாங்கள் இன்னும் கூட்டாளிகள்தான், ஆனால் இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இதை முதல் தடவையாக என் மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “இது எங்க அணிக்குத்தானேப்பா சாதகம்? சட்டம் விட்டிருந்தா நீங்க ஒளிஞ்சு குடிச்சிருக்க மாட்டீங்க. உடனே போன் பண்ணியிருப்பீங்க.”

நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். பதில் இதுதான் என்று இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: அந்த நாற்பது நிமிடத்தில் எங்களில் ஒருவன்கூடப் போலீஸ் என்ற சொல்லைச் சொல்லவில்லை. சட்டம் யாருடைய நினைவிலும் இல்லை. எங்கள் பயமெல்லாம் அப்பாக்களிடம். வயதை 16 ஆக்கியிருந்தாலும் அதே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்போம், அதே நாற்பது நிமிடத்தைத்தான் தொலைத்திருப்போம்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் கீழே கோப்பிக்கடையில் கூட்டாளிகளோடு ஸ்டவுட் பீர் குடிப்பார். வீட்டுக்குள் ஒரு போத்தல் வந்ததில்லை. வாயில் பாக்கை மென்றுகொண்டு வருவார், அம்மா பேசாமல் சோறு போடுவார், நாங்கள் புத்தகத்தில் கண்ணைப் புதைத்துக்கொள்வோம். அப்பா குடிப்பதை நான் பார்த்ததே இல்லை. குடித்துவிட்டு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு கிளாஸை எவ்வளவு நேரம் வைத்துக் குடிக்கிறார், எப்போது போதும் என்கிறார், நண்பர் ஒருவர் தள்ளாடினால் என்ன செய்கிறார், எதுவும் எனக்குத் தெரியாது.

ஜெர்மனியைக் காட்டி மகள் சொன்னதில் இருக்கும் உண்மை இங்கேதான். பிள்ளைகள் பார்க்கிற இடத்தில், சாப்பாட்டோடு, பெரியவர்கள் அளவோடு குடித்தால் பிள்ளைகளும் அளவு பழகுவார்கள் என்பது அந்த வாதம். ஆனால் அதே ஜெர்மனியில் தனியாகக் கார் ஓட்ட 18 ஆக வேண்டும், 21 வயது ஆகாத ஓட்டுநர் துளி மதுவும் தொட்டிருக்கக் கூடாது. அந்த 14 வயது விதியை எடுத்துவிட வேண்டும் என்று அங்கே சுகாதார அமைச்சராக இருந்த கார்ல் லாட்டர்பாக்கே பேசினார். அளவோடு குடிப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மது இருப்பது 1988இலிருந்தே. அளவு பழக்குகிறேன் என்று பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளையிடம் பேசுவது வேறு, ஊற்றிக் கொடுப்பது வேறு.

இனி என் தரப்பு. மூன்று வாரத்தில் நான் வாசித்ததிலேயே என்னை உலுக்கியது அமெரிக்காவோ ஜெர்மனியோ இல்லை, நியூசிலாந்து.

1999 டிசம்பரில் அங்கே மது வாங்கும் வயதை 20இலிருந்து 18க்கு இறக்கினார்கள். ஏழு ஆண்டு கழித்து, 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு சாலை விபத்துகளில் காயமடைந்த இளைஞர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 20 முதல் 24 வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் 18, 19 வயதுக்காரர்களிடம் மதுவால் வந்த விபத்துக் காயங்கள் கூடியிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். 15 முதல் 17 வயது வரை உள்ளவர்களிடமும் அப்படியே கூடியிருந்தன. சட்டம் அவர்களுக்கு எதையும் மாற்றவில்லை. முன்பும் வாங்க முடியாது, பின்பும் வாங்க முடியாது. பிறகு எப்படிக் கூடியது?

எனக்கு அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. 16 வயதுக்காரனுக்குப் பிராந்தி எப்படிக் கிடைத்தது? 18 வயதுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

சட்டத்தில் எழுதியிருக்கும் வயதை நாம் எப்போதும் ஒரு தனி ஆளோடு வைத்துத்தான் பேசுகிறோம். 18 வயதில் முதிர்ச்சி வந்துவிட்டதா, வரவில்லையா? துப்பாக்கி தூக்கலாம் என்றால் கிளாஸ் தூக்கக் கூடாதா? இந்தக் கேள்விகளுக்கு முடிவே கிடையாது. 18இல் பொறுப்பான பிள்ளையையும் பார்த்திருக்கிறேன், 50இல் பொறுப்பில்லாத ஆளையும் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது வேறொன்று. அந்த வயதுக்காரன் தினமும் யார் பக்கத்தில் உட்காருகிறான்? யாரோடு பஸ்ஸில் போகிறான்? யார் கேட்டால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியாது?

சிங்கப்பூரில் இதைப் பொருத்திப் பாருங்கள். உயர்நிலை நான்கில் இருக்கும் பிள்ளைக்கு 16. தொடக்கக் கல்லூரியில் 17, 18. பலதுறைத் தொழிற்கல்லூரியில் 17இல் நுழைந்து 19, 20இல் வெளியே வருகிறார்கள். கோடு 18இல் இருப்பதால், என் மகளின் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களில் ஒவ்வொரு மாதமும் சிலர் கடைக்குப் போகத் தகுதி பெறுகிறார்கள். அவர்களோடு ஒரே கேன்டீனில் 16 முடிந்து 17 நடக்கும் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். இதையே 16க்கு இறக்கினால் கோடு நேராக உயர்நிலைப் பள்ளிக்குள் வந்து விழும். அங்கே 16 வயதுக்காரனோடு ஒரே பந்தாட்டக் குழுவில் 13 வயதுக்காரன் விளையாடுகிறான். அண்ணே என்று கூப்பிடுகிறான். அண்ணன் நீட்டினால் வாங்கிக்கொள்வான்.

இதனால்தான் வயதை இறக்கக் கூடாது என்கிறேன். 16 வயதுப் பிள்ளைகளை நான் நம்பாததால் இல்லை. அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு அவர்கள் காட்டும் அன்புதான் அந்த வயதில் மதுவுக்கு வழியாகிவிடும் என்பதால்.

18இலேயே எல்லாம் வந்துவிடுகிறது, சில நாடுகளில் மது மட்டும் ஏன் 21 என்று என் அக்கா மகன் கேட்டான். தேசிய சேவையில் இருக்கிறான், சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் எங்கள் மேசையில்தான் சாப்பாடு. “மாமா, எனக்கு வேண்டியது எனக்கு ஏற்கெனவே இருக்கு. ஆனா மத்த நாட்டுல 21ன்னு சொல்றாங்களே, அவங்க பையன்கள் ராணுவத்துக்குப் போறதில்லையா?” அவன் கேள்வியில் சூடு இருந்தது, நியாயமும் இருந்தது. பொறுப்பை 18இல் கொடுத்துவிட்டு உரிமையை 21இல் கொடுத்தால் கசப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் நம் நாட்டிலேயே எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. தேசிய சேவை, கார் உரிமம், மது எல்லாம் 18இல். வாக்குரிமை 21. பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள 21. சூதாட்டக் கூடத்துக்குள் போக 21. சிகரெட் வாங்கும் வயதை 2019 ஜனவரியில் 19 ஆக்கி, அடுத்தடுத்த இரண்டு ஜனவரிகளில் 20, 21 என்று ஒவ்வொரு படியாக ஏற்றினார்கள். இங்கே புகைபிடிப்பவர்களில் 95 விழுக்காட்டினர் முதல் சிகரெட்டை 21 வயதுக்கு முன்பே இழுத்தவர்கள் என்று சுகாதார அமைச்சு அப்போது காரணம் சொன்னது. படிப்படியாக ஏற்றியதில் ஒரு நல்லது உண்டு. நேற்று வரை சட்டப்படி வாங்கிக்கொண்டிருந்தவனிடமிருந்து மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக யாரும் பிடுங்கவில்லை.

ஜப்பானைப் பற்றி மகளுக்குத் தெரியாமல் இருந்தது. நான்தான் சொன்னேன். 2022 ஏப்ரலில் அங்கே வயதுவந்தவர் என்பதற்கான வரம்பை 20இலிருந்து 18க்கு இறக்கினார்கள். வாடகை ஒப்பந்தம் போடலாம், கடன் அட்டை எடுக்கலாம். மதுவையும் சிகரெட்டையும் மட்டும் 20லேயே விட்டுவிட்டார்கள். பெரியவன் ஆகிவிட்டாய் என்று சொல்லவும் முடியும், இது இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டும் என்று சொல்லவும் முடியும், இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் 2017 டிசம்பரிலிருந்து 21. என்னைக் கேட்டால் 20 நல்ல இடம். பள்ளிப்படிப்பு அனேகமாக முடிந்திருக்கும். கூட உட்காருபவர்களும் பெரியவர்களாகியிருப்பார்கள். சேவையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு இது பிடிக்காது என்று தெரியும். அவனிடமே சொல்லிவிட்டேன்.

இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் கடினம் என்பதையும் நியூசிலாந்தே காட்டியது. 2012இல் மறுபடி 20க்கு ஏற்றலாமா என்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. 18ஏ நின்றது.

வயது ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. விலை ஒரு பெரிய வேலை செய்கிறது. சிங்கப்பூரில் 2014 வரவுசெலவுத் திட்டத்தில் மதுவரியை 25 விழுக்காடு ஏற்றினார்கள். அதன்படி சாராய வகைகளில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பீரில் உள்ளதற்கு 60 வெள்ளி. வாரக் கைச்செலவுக்கு வாங்கும் காசில் ஒரு பையனால் எவ்வளவு வாங்க முடியும்? பிறகு நேரம். 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30க்கு மேல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடைகளும் எடுத்துப்போக விற்கக் கூடாது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அதற்கு முன்பெல்லாம் நள்ளிரவு தாண்டியும் கல்மேசையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், காலையில் கண்ணாடிச் சில்லு கிடக்கும். அது நின்றது. பிள்ளைகள் பார்த்து வளரும் காட்சி மாறியது.

அந்தச் சட்டம் வந்த விதம்தான் நெஞ்சில் உறுத்துகிறது. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. தேக்காவுக்கும் கேலாங்குக்கும் தனிக் கட்டுப்பாடு வந்தது. தேக்காவில் வார இறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிக்கத் தடை. தடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாள்களில் எம்ஆர்டி ரயிலில் தமிழ் முகத்தைப் பார்த்தால் சிலர் ஒரு மாதிரி பார்த்தது எனக்கு மறக்கவில்லை. குடி என்றால் தமிழன் என்ற அந்தப் பார்வை பழையது. என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். அவர் காலத்தில் தமிழ்த் தொழிலாளிகள் இருந்த இடமெல்லாம் கள்ளுக்கடை இருந்தது. வாரக் கூலி அங்கேயே கரைந்தது. 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணியும் கள்ளைச் சமூகத்தின் பிரச்சினையாக எடுத்துப் பேசினார்கள். சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், நம் ஆட்களிடம் நாமே பேசுவோம் என்று பேசினார்கள். இன்று இங்கே ஒரு கள்ளுக்கடைகூட இல்லை. ஆனால் அந்தப் பேச்சும் நம் வீடுகளில் நின்றுவிட்டது. கோயில், படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் பேசுகிறோம். தீபாவளி அன்று மாடிப்படியில் மாமாக்கள் கூடி நிற்பதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த வருடம் நான் அந்த மாடிப்படிக்குப் போகவில்லை. போவதில்லை என்று மகளிடமும் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன்.

விவாதப் போட்டி போன வெள்ளிக்கிழமை நடந்தது. அவள் நன்றாகப் பேசினாள். ஒளிந்து குடிக்கும் பிள்ளைக்கு உதவி கேட்கப் பயமாக இருக்கிறது என்ற வாதத்தைத்தான் கடைசியாக வைத்தாள். படிக்கட்டுக் கதையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “அது உங்க கூட்டாளியோட கதைப்பா. அவர்கிட்ட கேக்காம எப்படிச் சொல்றது?” என்றாள். எதிரணிதான் வென்றது. நியூசிலாந்தை அவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள்.

நாளை அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்திக்கு 18ஆம் பிறந்தநாள். பாசிர் ரிஸ்ஸில் கடற்கரைப் பக்கம் ஒரு ஷாலே, வாடகைக்கு விடும் விடுமுறை வீடு, எடுத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், பாதிப் பேருக்கு 18, பாதிப் பேருக்கு 17. யாராவது வாங்கி வருவார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் மனைவி போக வேண்டாம் என்றார். இரண்டு நாள் பேசி, பதினொரு மணிக்கு நான் போய்க் கூட்டி வருவது என்று முடிவானது.

இன்று சாப்பிட்ட பிறகு அவளைக் கூடத்தில் பாயைப் போட்டு உட்கார வைத்தேன். நான் மல்லாந்து படுத்துக்கொண்டேன். தோளையும் இடுப்பையும் பிடித்துத் திருப்பச் சொன்னேன். முதல் தடவை அவளால் முடியவில்லை, நான் கனம். இரண்டாம் தடவை முட்டியைப் போட்டு உட்கார்ந்து இழுத்தாள், திரும்பினேன். மேல் காலை மடக்கினாள்.

“அப்புறம் 995. அதுக்கு அப்புறம் எனக்குப் போன் பண்ணு. யாரு, என்ன, எவ்வளவுன்னு நான் எதுவும் கேக்க மாட்டேன்,” என்றேன்.

“எதுவுமே கேக்க மாட்டீங்களா?”

“அன்னைக்குக் கேக்க மாட்டேன்.”

சரி என்று தலையாட்டினாள். பிறகு, “இன்னொரு தடவை படுங்கப்பா, கால் சரியா மடங்கலை,” என்றாள்.